வழி சொல்லாத முலுநேஷ்

இறங்க வேண்டிய நிறுத்தத்தைப் பேருந்து தாண்டிவிட்டது. முலுநேஷுக்கு அது தெரியும். முன் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியில் உறைந்த பனியை நகத்தால் சுரண்டிச் சுரண்டி வெளியே பார்க்கும் ஹிருத்துக்குத் தெரியாது. முலுநேஷ் வாயைத் திறப்பதாக இல்லை. மடியில் கைப்பையை அணைத்துக்கொண்டு, வறுத்த வாற்கோதுமையை ஒவ்வொரு மணியாக வாயில் போட்டு மென்றபடி, நேற்றுத்தான் ஊருக்கு வந்து இறங்கியவள் போலச் சாதுவாக உட்கார்ந்திருக்கிறாள். கனடாவின் வின்னிபெக்கில் அவளுக்கு இது முப்பத்தைந்தாவது குளிர்காலம்.

கடைசி நிறுத்தமும் வந்தது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“என்ன முலு, இன்னைக்கும் தொலைஞ்சு போயாச்சா?”

“என்னைக் கேட்டா எனக்கு என்னங்க தெரியும்? இந்தப் பொண்ணுதான் என்னைக் கூட்டிட்டுப் போகுது. அதைக் கேளுங்க.”

ஹிருத் பனியைச் சுரண்டுவதை நிறுத்தினாள். இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. அந்நியர் யாரிடமும் ஆங்கிலத்தில் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் முலுநேஷைப் பார்த்தாள். முலுநேஷ் கோதுமை மணியைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் எழுந்து போய், தெருவின் பெயரைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி, எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டாள் அந்தப் பெண்.

“உக்காரும்மா. திரும்பிப் போறப்போ அந்த நிறுத்தம் வந்ததும் நானே சொல்றேன்.”

“சொல்ல வேணாம். எத்தனாவது நிறுத்தம்னு மட்டும் சொல்லுங்க. நான் மணி அடிக்கிறேன்.”

பின் இருக்கையில் முலுநேஷ் கோதுமைப் பொட்டலத்தை மடித்து உள்ளே வைத்தாள்.

இதுதான் அவள் வேலை செய்யும் விதம். நகரின் வடக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியில், வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்து சேரும் பிள்ளைகளுக்கு உதவியாளர் அவள். எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி, இரண்டாவது வாரத்துக்குள் ஒருநாள் மாலை அது அவளைத் தன் வீட்டுக்குப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். “எனக்கு வழி தெரியாது. நீ கூட்டிட்டுப் போ. வீட்டுல காப்பி கிடைக்குமில்ல?” என்பாள். தெருவில் நடந்தால் பிள்ளைக்கு இரண்டடி பின்னால்தான் நடப்பாள். தப்பான சந்தில் திரும்பினால் அவளும் திரும்புவாள். மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில் அப்படி இருவருமாக ஒரு மீன் கிடங்கின் பின்வாசலில் போய் நின்ற கதையும் உண்டு.

“இது உதவியா, சித்திரவதையா?” என்று உடற்பயிற்சி ஆசிரியர் ஒருமுறை கேட்டார்.

“நான் எத்தனை நாளைக்குக் கூட வருவேன்? பஸ்ஸு தினம் வரும்,” என்றாள்.

கார் ஓட்டும் தேர்வில் ஐந்து தடவை தோற்றவள் பேருந்தின் பெருமையைப் பாடாமல் வேறு என்ன செய்வாள் என்று அவர் கேலி செய்வார். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஐந்தாவது தடவை தேர்வு வைத்த அதிகாரியோடு அவள் போட்ட சண்டை இன்னும் அந்த அலுவலகத்தில் பேசப்படுகிறது.

அவள் அறை முன்பு பந்துகள் போட்டுவைக்கும் கிடங்காக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் விளையாட்டுக் கூடம். நாள் முழுக்கப் பந்து இடிக்கும். முதல் வருடம் அங்கேயே காப்பிக் கொட்டை வறுத்துப் புகை எச்சரிக்கை மணி அலறி, தொள்ளாயிரம் பிள்ளைகளும் பனியில் போய் நின்றார்கள். அதற்குப் பிறகு பிளாஸ்க்கில் கொண்டு வருகிறாள். காப்பியோடு சோளப்பொரியும் கட்டாயம் உண்டு. சுவரில் இரண்டு நாட்காட்டி, இரண்டு கடிகாரம். அவள் பிறந்த எத்தியோப்பியாவில் பொழுது விடிந்ததிலிருந்து மணி எண்ணுவார்கள். இங்குள்ள மூன்று மணி அங்கே ஒன்பது மணி. காலை ஒன்பதுக்கு வரச் சொன்ன பையன் ஒருவன், பள்ளி முடிகிற மூன்று மணிக்கு, குளித்துத் தலை சீவி, புதுச் சட்டையோடு வந்து நின்றான். அலுவலகத்துப் பெண்கள் சிரித்தார்கள். “அவன் சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கான். ஊருதான் மாறிப் போச்சு,” என்று சொல்லி, மூடிய பதிவேட்டைத் திறக்க வைத்தாள் முலுநேஷ்.

பிள்ளை உள்ளே வந்ததும் அவள் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, குளிர் ஜாக்கெட்டின் பையை. கையை உள்ளே விட்டு, துணியை வெளியே இழுத்து, தையலை இழுத்துப் பார்ப்பாள். வந்த புதிதில் ஒன்பது வருடம் ஒரு தையல் ஆலையில் ஜாக்கெட்டுக்குப் பை தைத்தவள். “இது நாலு நாள் தாங்காது. கழட்டு,” என்பாள். காலர் மடிப்பில் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும். ஊர், பெயர், குடும்பம், பட்ட பாடு எல்லாம் அந்தப் பை தைத்து முடிவதற்குள் தானாக வெளியே வந்துவிடும். கேள்வி என்று ஒன்றும் அவள் கேட்பதில்லை.

ஹிருத்தும் அப்படித்தான் ஒரு பை தைக்கும் நேரத்தில் சொல்லி முடித்தாள். ஊரில் சண்டை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. அண்ணன் வொந்திமு கையைப் பிடித்துக்கொண்டு நைரோபிக்கு ஓடினாள். நான்கு வருடம் அகதி அலுவலக வரிசைகளில் நின்று, இப்போது இங்கே. காகிதம் சரிபார்த்து முடிவதற்கு முன்பே பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்துவிடுவது அந்தப் பள்ளியின் நல்ல குணம். அவளைப் பத்தாம் வகுப்பில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் வேதியியல் கூடத்தில் நீலம் சிவப்பாக மாறியதைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, “அக்கா, நான் பண்ணினேன், நானே பண்ணினேன்” என்று கத்தினாள். முலுநேஷுக்கு வேதியியல் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் மறுநாள் அந்தக் கண்ணாடிக் குழாயைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

டிசம்பர் நடுவில் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஹிருத் பிறந்தது 2000, ஜனவரி ஒன்று என்று காகிதம் சொல்கிறது. வருகிற ஜனவரியில் இருபத்தைந்து. இருபத்தொரு வயதைத் தாண்டியவர்களுக்குப் பள்ளியில் இடமில்லை. ஜனவரி மாதக் கடைசியோடு அவள் விலகி, பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர வேண்டும். ஆட்சேபம் இருந்தால் ஜனவரி எட்டாம் தேதி ஆதாரத்தோடு வரலாம்.

முலுநேஷ் கடிதத்தை ஒரு தடவைதான் படித்தாள். பிறந்த நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று போடுவது எங்கும் உள்ள வழக்கம். அந்தப் பள்ளியிலேயே அறுபத்து மூன்று பிள்ளைகள் அன்றைக்குப் பிறந்தவர்கள். அதை விடலாம். வருடம்தான் வில்லங்கம். எத்தியோப்பியாவின் ஆண்டுக் கணக்கு இங்குள்ளதைவிட ஏழெட்டு வருடம் பின்னால் நடக்கும். நைரோபியில் படிவத்தை நிரப்பியவன் அண்ணன். தங்கை எந்த வருடம் பிறந்தாள் என்று ஊரில் சொல்வார்களோ அதையே எழுதினான்: 2000. வாங்கிய குமாஸ்தா தலை நிமிர்ந்து பார்க்காமல் முத்திரை குத்தினார். அந்த ஒரு குத்தில் பதின்மூன்று வயதுப் பெண் இருபதைத் தாண்டிவிட்டாள். இந்தப் பிழை எத்தியோப்பியர்களுக்கு மட்டுமே வாய்க்கிற பிழை. இதற்கு முன் மூன்று பிள்ளைகளுக்காக முலுநேஷ் இதே அலுவலகத்துக்கு நடந்திருக்கிறாள். இரண்டு பேருக்குச் சரியானது. மூன்றாமவனுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அவன் இப்போது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். அவனைத் தெருவில் பார்த்தால் அன்று முழுக்க அவள் சிடுசிடுப்பாள்.

“அக்கா, எனக்கு இருபத்தஞ்சாம்ல,” என்றாள் ஹிருத், கடிதத்தை மடித்தபடி. “அப்போ என்னோட பதினெட்டு, பத்தொம்போது, இருவது எல்லாம் எங்க போச்சு? யாரு எடுத்துக்கிட்டாங்க?”

 முலுநேஷ் காலரிலிருந்து ஊசியை எடுத்து, ஏற்கெனவே கோத்திருந்த நூலை உருவிவிட்டு மறுபடி கோத்தாள்.

அண்ணன் வொந்திமு வேலை உடுப்போடேயே வந்தான். இறைச்சி ஆலையில் காலை முறை முடித்த கையோடு வந்திருந்தான். கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினான்.

“விட்டுடுங்க அக்கா. மாலை வகுப்புக்கே போகட்டும். பேப்பரைத் தொட்டா, அப்போ பொய் சொன்னியான்னு கேப்பாங்க. எழுதினது நான். ரெண்டு பேரையும் திருப்பி அனுப்பிட்டா?”

“அனுப்ப மாட்டாங்கடா.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க பேப்பரை நீங்க மாத்தியிருக்கீங்களா?”

“காப்பி ஆறுது. குடி,” என்றாள் முலுநேஷ்.

அவன் குடித்தான். குடித்து முடித்ததும் அழுதான். முரட்டு ஆள், தோளெல்லாம் குலுங்க அழுதான். தங்கையின் வயதைத் தன் கையாலேயே எழுதித் தொலைத்தோமே என்ற நினைப்பு அவனை அரித்துக்கொண்டிருந்தது. முலுநேஷ் அவன் ஜாக்கெட்டின் பையைப் பார்த்தாள். நல்ல தையல். அதனால் முதுகில் ஒரு அடி மட்டும் போட்டு, “போய் ஊருல யாருகிட்டயாவது ஞானஸ்நானச் சீட்டு இருக்கான்னு கேளு. அழுதா சீட்டு வராது,” என்று அனுப்பினாள்.

சீட்டு ஹிருத்தின் ஞானத்தாயிடம் இருந்தது. அந்த அம்மாள் சண்டைக்கு நடுவிலும் அதை மாவுப் பானைக்குள் போட்டுக் காப்பாற்றியிருக்கிறாள். போனில் படம் வந்தது. அசல் சீட்டு, கனடாவுக்கு வந்த ஒரு பாதிரியாரின் பெட்டியில் வந்தது. தேவாலய முத்திரை பளிச்சென்று இருந்தது. பிறந்த தேதி இல்லை. ஞானஸ்நானம் கொடுத்த நாள் மட்டும்: எத்தியோப்பிய நாட்காட்டியில் தீர் மாதம் இருபத்தொன்று, இங்கே ஜனவரிக் கடைசி. பெண் குழந்தைக்கு எண்பதாம் நாள் கொடுப்பது மாறாத வழக்கம். ஹிருத்தும் முலுநேஷும் நாட்காட்டியை வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினார்கள். ஹிருத்துக்கு ஒரு தேதி வந்தது, முலுநேஷுக்கு வேறு தேதி. பிறந்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது ஹிருத்தின் கட்சி. அரை மணி நேரம் வாதாடி முலுநேஷ் தோற்றாள். இங்குள்ள கணக்கில் நவம்பர் பன்னிரண்டு, 2007.

எல்லாம் சரிதான். ஒரே ஒரு சங்கடம். சீட்டிலும் வருடம் 2000 என்றுதான் இருந்தது.

ஜனவரி எட்டு. கல்வி அலுவலகத்தின் புதிய சேர்க்கை அதிகாரி ஹலினா, உக்ரைனிலிருந்து வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. கண்டிப்பானவர், கெட்டவர் அல்ல. மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டுக் காகிதங்களைப் பார்த்தார். மொழிபெயர்ப்பையும் பார்த்தார். பிறகு முலுநேஷைப் பார்த்தார்.

“நீங்க கொண்டு வந்த ஆதாரத்துலயும் ரெண்டாயிரம்தானே இருக்கு?”

முலுநேஷ் தலையைத் திருப்பி ஹிருத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் இரண்டு தடவை கடகடத்தது. வொந்திமு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். சொல்லுங்களேன் என்று கண்ணாலேயே கெஞ்சினான். முலுநேஷுக்கு மட்டும் ஆசை இல்லையா? நாக்கு நுனி வரை வந்து நின்ற ஆங்கிலத்தை அவள் கோதுமை மணிபோல மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

“எங்க ரெண்டாயிரம்,” என்று தொடங்கினாள் ஹிருத். நின்றாள். மறுபடி தொடங்கினாள். “எங்க ரெண்டாயிரம் உங்க ரெண்டாயிரம் இல்ல. எங்க வருஷம் மெதுவா வரும். இப்போ உங்களுக்கு ரெண்டாயிரத்து இருவத்தஞ்சு. எங்க ஊருல இன்னும் ரெண்டாயிரத்துப் பதினேழு. பொண்ணுன்னா எம்பதாம் நாள் ஞானஸ்நானம். நான் எண்ணினேன். அக்கா தப்பா எண்ணினாங்க. நான் சரியா எண்ணினேன்.”

ஹலினாவின் உதடு லேசாக அசைந்தது.

“நேத்து எங்களுக்குக் கிறிஸ்துமஸ்,” என்றாள் ஹிருத். “உங்களுக்கு டிசம்பர்லயே முடிஞ்சு போச்சு.”

“எனக்கு முடியலையே,” என்றார் ஹலினா. “எங்க வீட்டுலயும் நேத்துதான். முந்தாநாள் பன்னெண்டு வகை சமைச்சு இன்னும் முதுகு வலிக்குது.” சீட்டை மறுபடி கையில் எடுத்தார். “எங்களுக்குப் பதிமூணு நாள் வித்தியாசம். அது எனக்குப் புரியும். ஏழு வருஷம்னா? ஒரு பொண்ணு மேல ஏழு வருஷத்தை ஏத்தி எழுதினா, நாலு வருஷமா ஒருத்தர் கண்ணுலயும் படலையா? வழியில எத்தனை அதிகாரிங்க பாத்திருப்பாங்க! நான் இதை நம்பினா, நாளைக்கு எங்க மேலதிகாரி என்னை நம்பணுமே.”

ஹிருத் அண்ணனைப் பார்த்தாள். வொந்திமு தலையைக் குனிந்துகொண்டான்.

முலுநேஷ் கைப்பையைத் திறந்தாள். தன் அடையாள அட்டையை எடுத்து மேசைமேல், ஹலினாவின் பக்கம் நேராக வைத்தாள்.

“படிங்க.”

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு, ஜனவரி ஒண்ணு,” என்று படித்தார் ஹலினா.

“அது எங்க ஊரு அறுபத்தாறு. ஊரை விட்டு ஓடி, சூடான்லேர்ந்து நான் இங்க வந்து இறங்கினப்போ எனக்குப் பதினாறு வயசு. பேப்பர்ல இருவத்துநாலு. பள்ளிக்கூடத்துக்குப் போணும்னு கேட்டேன். வயசு ஆயிடுச்சுன்னு தையல் ஆலைக்கு அனுப்பினாங்க. யாரு கண்ணுலயும் படலையான்னு கேட்டீங்களே, படலை. நானும் சொல்லலை. சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்கன்னு பயம். இன்னைக்கு வரைக்கும் மாத்தலை. லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்ததும் எனக்கு அம்பத்தொம்போதுன்னு கேக் வெட்டினாங்க. சின்ன வயசா தெரியறீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு அம்பத்தொண்ணு. தெரியாம என்ன செய்யும்?”

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இந்த முப்பத்தைந்து வருடத்தில் கூட வேலை செய்தவர்களுக்கும், தேவாலயத்தில் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் தெரியாது. அட்டையை எடுத்து உள்ளே வைக்க இரண்டு தடவை முயன்றாள், பை வாயில் அது நுழையவில்லை. வொந்திமு வாய் பிளந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹிருத்துக்காக அவள் பேசியதாகச் சொல்ல முடியாது. தன்னைப் பற்றித்தான் பேசினாள் என்று பிறகு சாதிப்பாள். ஆனால் அந்த அறையில் அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய உதவி யாராலும் செய்திருக்க முடியாது.

ஹலினா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

“குடியேற்றக் காகிதத்தைத் திருத்தறது என் கையில இல்ல. அதுக்கு மாசக்கணக்குல ஆகும், நீங்க தனியா எழுதிப் போடணும். யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க,” என்று வொந்திமுவைப் பார்த்துச் சொன்னார். “பள்ளிக்கூடப் பதிவேடு என் பொறுப்பு. பொண்ணு பத்தாம் வகுப்புலயே இருக்கட்டும். மேல யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.” படிவத்தை ஹிருத்தின் பக்கம் தள்ளினார். “பிறந்த தேதியை நீயே எழுதும்மா. பேனாவால. அடிச்சுத் திருத்தினா செல்லாது.”

ஹிருத் பேனாவை வாங்கினாள். மாதத்தை எழுதினாள். தேதியை எழுதினாள். வருடத்தின் கட்டங்களுக்கு வந்தாள். இரண்டு. பூஜ்யம். பூஜ்யம். பேனா நின்றது.

நான்கு வருடமாக எத்தனையோ வரிசைகளில், எத்தனையோ காகிதங்களில் எழுதி எழுதிப் பழகிய கை அது. கடைசிக் கட்டத்திலும் பூஜ்யம் போடத்தான் இழுத்தது. அவள் மெல்லத் தலையைத் தூக்கி முலுநேஷைப் பார்த்தாள்.

முலுநேஷ் எழுந்தாள். தன் நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.